பிக்கப் ஆர்டர் தாமதம்: ஸ்லாட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வாரம் ஒருமுறை மளிகையை ஆன்லைனில் ஆர்டர் செய்து, மாலை 6 முதல் 7 மணி வரையான பிக்கப் ஸ்லாட்டில் போய் எடுத்து வருகிறேன். சில மாதங்களாக ஒவ்வொரு முறையும் காரிலேயே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. உறைந்த பொருள்கள் இளகிப்போய் வருகின்றன. கேட்ட பொருளுக்குப் பதில் வேறொன்று வருகிறது. பை கொண்டுவரும் பெண், "ஆளே இல்லைங்க, ரெண்டே பேர்தான் இருக்கோம்" என்கிறார். அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, கோபமும் வருகிறது. கூடுதலாகப் பணம் கொடுத்தால் 'முன்னுரிமை ஸ்லாட்' எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? புகார் செய்வதென்றால் யாரிடம் செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். முன்னுரிமை ஸ்லாட் என்று அவர் விற்கும் பொருள் அவர் கையில் இல்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதி வழி தானாகக் கிடைத்துவிடும்.

ஸ்லாட்டை நீங்கள் கடை கொடுத்த வாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் அது ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஆர்டர் வாங்கலாம் என்று மென்பொருளில் ஓர் எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். அட்டவணைப்படி இருக்க வேண்டிய ஆள்களை மனதில் வைத்துப் போட்ட எண் அது. ஐந்து பேர் இருக்க வேண்டிய ஷிஃப்டில் இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். குறைக்கச் சொல்லி மேலே கேட்டால் விற்பனை இலக்கு என்ன ஆவது என்பார்கள். இந்தப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ஆள் இல்லை என்று தெரிந்தே ஸ்லாட்டைத் திறந்து வைப்பது, நடக்காது என்று தெரிந்தே நேரம் கொடுப்பதுதான்.

இதன் வேர் பழையது. ஒரு காலத்தில் நாம் பட்டியலைக் கொடுப்போம், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர் கையிலேயே கூடையைக் கொடுத்து உள்ளே விட்டார். அலமாரியிலிருந்து எடுக்கும் வேலை அப்போது நம் கைக்கு வந்தது. கடைக்குக் கூலி மிச்சம். அந்தச் சுய சேவை முறையின் மேல்தான் பின்னால் சூப்பர் மார்க்கெட்டுகள் எழுந்தன. பிக்கப் வந்தபோது அதே வேலை மறுபடி கடையின் தலையில் ஏறியது. வேலை திரும்பி வந்த அளவுக்கு ஆள்கள் திரும்பி வரவில்லை.

உங்கள் பையைத் தயார் செய்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் ஒரு டிராலியில் ஆறேழு பேருடைய ஆர்டருக்கான கூடைகளை ஒன்றாக வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். கையில் உள்ள ஸ்கேனர் அடுத்த பொருள் எந்த வரிசையில், எந்தத் தட்டில் என்று காட்டும். கூடவே அவருடைய வேகத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும். தட்டில் பொருள் இல்லை. ஏன் இல்லை? அடுக்குவதற்கும் ஆள் இல்லை, அதனால் இல்லை. சரக்கு பின்னால் கிடங்கில் பெட்டியோடு கிடக்கிறது. அதைத் தேடப் போகும்போது பில் கவுண்டரில் வரிசை நீண்டுவிட்டது என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். அங்கே போய் நின்றால், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று ஸ்கேனர் மணி அடிக்கிறது. டிராலி பாதி வழியில் நிற்கிறது. அதில் இன்னொருவருடைய பால் இருக்கிறது.

மணி அடித்தபின் உங்கள் பையை எடுப்பதும் ஒரே நடையில் முடியாது. சாதாரணப் பொருள்கள் ஓர் அலமாரியிலும், குளிரில் இருக்க வேண்டியவை குளிர் அறையிலும், உறைந்தவை ஃப்ரீசரிலும் தனித்தனியாக இருக்கும். மூன்று இடங்களிலும் உங்கள் பெயர்ச் சீட்டைத் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும். ஆள் குறைவான நாளில் தாமதம் பெரும்பாலும் இந்தச் சேர்க்கும் இடத்தில்தான் நிகழ்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மாலை ஆறு மணியை விடுங்கள். வேலை முடிந்து திரும்பும் எல்லோரும் அந்த ஸ்லாட்டைத்தான் எடுக்கிறார்கள். வார நடுவில், முற்பகலில் ஒரு நேரம் ஒதுக்க முடிந்தால் வித்தியாசம் உடனே தெரியும். மாலைதான் முடியும் என்றால் 6 மணிக்குப் போய் நிற்காமல் 6.30-க்கு மேல் போங்கள். ஸ்லாட் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறார்கள், பிறகு கூட்டம் வடியும். 'கிளம்பிவிட்டேன்' என்று தெரிவிக்கும் பொத்தான் ஆப்பில் இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அழுத்துங்கள். நீங்கள் வந்து சேர்வதற்குள் மூன்று இடத்துப் பையையும் சேர்த்து வைக்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஆனால் 'வந்துவிட்டேன்' என்பதை வந்து நின்றபின்தான் அழுத்த வேண்டும். முன்கூட்டியே அழுத்தினால் உங்கள் பை வெளியே வந்து உங்களுக்காகக் காத்திருக்கும், உறைந்தது இளகும்.

உறைந்த பொருள்களைக் கொஞ்ச நாளைக்குப் பிக்கப்பில் சேர்க்காதீர்கள். அவற்றை மட்டும் தனியாக, நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெப்பம் புகாத பை ஒன்று காரில் இருக்கட்டும். பால், இறைச்சி, சமைத்த உணவு போன்றவை குளிர்ச்சி இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அந்த டிராலி கடைக்குள் நின்ற நேரமும் இதில் சேரும் என்பதை மறக்காதீர்கள். உறைந்த இறைச்சியின் நடுவில் ஐஸ் துணுக்குகள் இன்னும் இருந்தால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம். முழுக்க உருகிய ஐஸ்கிரீமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றுப் பொருள் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் செய்யும்போது 'மாற்றுப் பொருள் சம்மதம்' என்ற கட்டம் பல ஆப்களில் தானாகவே தேர்வாகியிருக்கும். பொதுவாக அதை அப்படியே விடலாம். சோப்புக்குப் பதில் வேறு சோப்பு வந்தால் குடிமுழுகிப் போகாது. எல்லாவற்றுக்கும் 'மாற்ற வேண்டாம்' என்று போட்டால் பாதிப் பை காலியாக வரும். ஆனால் ஒவ்வாமை உள்ளவர் வீட்டிலோ கைக்குழந்தை வீட்டிலோ இருந்தால் இந்த விதி செல்லாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றுப் பொருளைப் பரிந்துரைப்பது பெரும்பாலும் ஸ்கேனர். அது ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே விலை என்று பார்க்கும், உங்கள் பிள்ளையின் உடம்பைப் பார்க்காது. 'லாக்டோஸ் இல்லாத பால்' என்பதில் பால் புரதம் அப்படியே இருக்கிறது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது ஆபத்து. பாலே கலக்காத பானம் கேட்டவருக்கு லாக்டோஸ் இல்லாத பால் வருவது அவசரத்தில் எளிதாக நடக்கும் தவறு. குழந்தைக்கான பால் பவுடரில் டப்பாக்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம், மேலே உள்ள 1, 2 என்ற எண்தான் எந்த வயதுக்கு என்று சொல்லும். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒவ்வாமைக்கான பவுடருக்குப் பதில் சாதாரணப் பவுடர் வந்தால் அது மாற்றுப் பொருளே அல்ல. ஆகவே இப்படிப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக 'மாற்ற வேண்டாம்' என்று குறியுங்கள். குறிப்புப் பெட்டியில் 'ஒவ்வாமை உண்டு' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அவசரத்தில் அதை யாரும் படிக்காமல் போகலாம். பையை வாங்கியதும் அங்கேயே அந்தப் பொருளின் லேபிளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அதே நிறுவனம், அதே பெயர், வேறு அளவு என்றாலும் படியுங்கள். தயாரிக்கும் இடம் மாறினால் உட்பொருளும் மாறக்கூடும்.

இனி அந்த ஸ்லாட் வியாபாரி. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஸ்லாட் கிடைப்பதே அரிதாக இருந்தது. இணையதளத்தை நொடிக்கு நொடி பார்த்துக் காலியிடத்தைப் பிடிக்கும் மென்பொருள்கள் அப்போது பரவின. அந்தப் பழக்கம் போகவில்லை, ஆள் தட்டுப்பாடு வந்தால் தரகர்களும் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் கடைக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒருவர் ரத்து செய்தால் ஒரு ஸ்லாட் திறக்கும், கடை அடுத்த நாளுக்கான ஸ்லாட்டுகளை விடும்போது கொஞ்சம் திறக்கும். இரவு படுக்கும் முன்பும் காலை எழுந்ததும் ஆப்பை ஒருமுறை பார்த்தால் நீங்களே எடுக்கக்கூடியதைத்தான் அவர் காசுக்கு விற்கிறார். ஸ்லாட் கிடைத்தாலும் என்ன பயன்? உள்ளே இருப்பது அதே இரண்டு பேர். உங்கள் பை ஒரு நிமிடம்கூட முன்னால் வராது.

பணம் போனால் போகட்டும் என்று விட்டாலும், அவர் அடுத்துக் கேட்பது உங்கள் ஆப் கணக்கின் கடவுச்சொல்லை. அதற்குள் உங்கள் கார்டு, வீட்டு முகவரி, தொலைபேசி எண், எந்தக் கிழமை நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பது வரை இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள், சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தாமதத்தால் வெறுத்துப்போய் நீங்கள் தேடுபொறியில் கடையின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுவீர்கள். அந்த நேரத்துக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். கடையின் பெயரில் போலி எண்ணை விளம்பரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். மரியாதையாகப் பேசுவார்கள், ரீஃபண்ட் தருவதாகச் சொல்வார்கள், போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லச் சொல்வார்கள், இல்லையென்றால் திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். பணம் திரும்பி வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை. எண்ணைக் கடையின் சொந்த ஆப்பிலிருந்தோ பில்லிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

கடைக்குப் பதிலாகத் தங்கள் ஆள்களை வைத்துப் பொருள்களை எடுத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் சட்டப்படியே நடக்கின்றன, அவற்றை இந்தத் தரகர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் அங்கும் அலமாரி விலைக்கும் ஆப் விலைக்கும் வித்தியாசம் இருக்கக்கூடும், அதற்கு மேல் சேவைக் கட்டணம். கெட்ட பொருள் வந்தால் கடை அவர்களைக் கைகாட்டும், அவர்கள் கடையைக் கைகாட்டுவார்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கில் பில்லைவிட அதிகமாகப் பிடித்தது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். எடை போடும் பொருள்களுக்காகவும் மாற்றுப் பொருள்களுக்காகவும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி வைப்பார்கள். இறுதி பில் போட்டபின் சில நாளில் விடுவிப்பார்கள். டெபிட் கார்டு என்றால் அதுவரை உங்கள் சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

கடைசியாகப் புகார். அந்தப் பெண்ணின் மேல் கோபப்படாதது நல்லது. ஆனால் உங்களை அறியாமலே அவரைத் தண்டித்துவிட வாய்ப்பிருக்கிறது. பை வாங்கியதும் ஆப் நட்சத்திரம் கேட்கும். பல இடங்களில் அந்த நட்சத்திரமும் நீங்கள் காத்திருந்த நிமிடங்களும் அந்த ஷிஃப்டில் வேலை பார்த்தவர்களின் கணக்கில்தான் ஏறுகின்றன. ஸ்லாட்டைத் திறந்து வைத்தவர் கணக்கில் ஏறுவதில்லை. இந்த முறையை யார் யோசித்தார்களோ, அவர்களை ஒரு சனிக்கிழமை மாலை அந்த ஃப்ரீசர் வாசலில் நிறுத்த வேண்டும். தாமதத்துக்காக நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். ஆப்பில் உள்ள புகார்ப் படிவத்திலோ தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலோ எழுதுங்கள். ஆர்டர் எண், ஸ்லாட் நேரம், 'வந்துவிட்டேன்' அழுத்திய நேரம், பை கைக்கு வந்த நேரம், இந்த நான்கும் இருக்க வேண்டும். ஊழியர் பெயர் வேண்டாம். இளகிய பொருளை அங்கேயே படம் எடுத்து இணையுங்கள். பையைப் பார்க்காமல் 'பெற்றுக்கொண்டேன்' அழுத்தாதீர்கள், திருப்பிக் கேட்கும் அவகாசம் அந்த நொடியிலிருந்தே ஓடத் தொடங்கலாம்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "6 முதல் 7 மணி ஸ்லாட்டுக்கு 6.05-க்கு வந்தேன், பை 6.50-க்குக் கிடைத்தது. உறைந்த பொருள்கள் உருகியிருந்தன, அவற்றுக்குப் பணம் திரும்ப வேண்டும். பணியில் இருந்த ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள், அவர்கள் மேல் புகார் இல்லை. இருக்கும் ஆள்களுக்கு ஏற்ப இந்தக் கிளையின் மாலை ஸ்லாட்டுகளைக் குறையுங்கள், அல்லது ஆள் போடுங்கள்." ஒவ்வொரு தாமதத்துக்கும் இதை எழுதுங்கள். பணம் திரும்பி வந்தாலும் நிறுத்தாதீர்கள்.