கோப்பைக்கு ஒரு தட்டு

அன்புள்ள ஐயா,
மாசசூசெட்ஸில் கேப் காட் பக்கம் போனபோது ஒரு பழம்பொருள் கடையில் உள்ளங்கை அளவுக் கண்ணாடித் தட்டு ஒன்று வாங்கினேன். 1830-களின் 'கோப்பைத் தட்டு' என்றார் கடைக்காரர். சாஸர் என்று சொல்லவும் முடியவில்லை, அவ்வளவு சின்னது. இடமே விடாமல் புள்ளிகள் வேறு. பட்டை தீட்டிய கண்ணாடி வாங்க வசதியில்லாதவர்களுக்கான போலி என்கிறார் என் கணவர். அப்படித்தானா?
எஸ்., பாஸ்டன்

அன்புள்ள எஸ்,
அது சாஸர் இல்லைதான். அன்று பல அமெரிக்க வீடுகளில் டீயை சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடித்தார்கள். அப்போது ஈரக் கோப்பையை எங்கே வைப்பது? மேஜைவிரிப்பு கறையாகிவிடுமே. அதற்குத்தான் இந்தத் தட்டு. சாஸரில் குடிப்பது நாகரிகமில்லை என்று ஆனதும் இதுவும் போய்விட்டது.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. பட்டை தீட்டிய கண்ணாடியைப் பார்த்துத்தான் முதலில் அச்சு வெட்டினார்கள். ஆனால் அந்தப் புள்ளிகள் எதையும் பார்த்துச் செய்தவை அல்ல. கண்ணாடிக் குழம்பைக் கத்தரியால் வெட்டி இரும்பு அச்சில் விழவைப்பார்கள். நெம்புகோலை இழுத்தால் உலக்கை மாதிரி ஒரு தண்டு இறங்கி அழுத்தும். குழம்பைவிட இரும்பு குளிர்ந்தது. அது பட்ட இடமெல்லாம் கண்ணாடி சுருங்கி மங்கிவிடும். அந்தச் சுருக்கம் கண்ணில் படாமலிருக்கத்தான் தட்டின் பரப்பு முழுக்கப் புள்ளி. வெளிச்சம் பட்டால் அத்தனையும் மினுங்கும். பார்க்க லேஸ் துணி போல இருப்பதால் சேகரிப்பவர்கள் இதை 'லேஸி' கண்ணாடி என்கிறார்கள். குறையை மறைக்கப் போட்டதுதான், ஆனால் எனக்கு அது பட்டை தீட்டியதைவிட அழகு.

கேப் காட்டிலேயே சாண்ட்விச் என்ற ஊரில் டெமிங் ஜார்விஸ் 1825-இல் தொடங்கிய ஆலை இதற்குப் பேர்போனது. கண்ணாடி செய்யும் மணலை வெளியூரிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். அங்கே தாராளமாகக் கிடைத்தது உலைக்கான விறகு. அச்சு வந்தால் பிழைப்பு போய்விடும் என்று கண்ணாடியை வாயால் ஊதிச் செய்கிற தொழிலாளிகள் கொதித்ததில், ஆறு வாரம் ஒளிந்திருந்ததாக ஜார்விஸே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் 1864-இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வில்லியம் லெய்டன் என்ற கண்ணாடித் தொழில் வல்லுநர், ஈயம் சேர்க்காத சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக் கலவையைச் சீர்செய்தார். விலை சரசரவென்று இறங்கியது. சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, வெண்ணெய்த் தட்டு, ஸ்பூன் நிறுத்தும் குவளை என்று ஒரே வடிவத்தில் செட்டாகவே வாங்க முடிந்தது. செலரித் தண்டுக்குக்கூடத் தனி ஜாடி. பூ வைப்பது போல மேஜை நடுவில் கீரையை நிறுத்திவைத்தார்கள்!

உங்கள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடி கிடப்பது போல ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், அது கீறல் இல்லை, கத்தரி வெட்டிய தழும்பாக இருக்கலாம். தேய்த்துப் போக்கப் பார்க்காதீர்கள்.