குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பை உள்ளாட்சிகள் 30 கிலோமீட்டராகக் குறைப்பது ஏன்?

வேக வரம்பு என்பது ஒரு சாலையில் வாகனங்கள் சட்டப்படி செல்லக்கூடிய உச்ச வேகம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இலேயே முதன்மைச் சாலைகள் தவிர்த்த தெருக்களுக்கு அதை மணிக்கு 30 கிலோமீட்டராக வகுத்தது.

காரணம் நிற்கும் தொலைவில் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்பவர், குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு ஆகும் ஒரு நொடியிலேயே வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். 30-இல் வரும் காரோ, உலர்ந்த சாலையில், அதே தொலைவுக்குள் முழுமையாக நின்றுவிடும். மோதினாலும் விளைவு ஒன்றல்ல, ஏனெனில் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது: 50-இல் மோதுவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கும், 30-இல் மோதுவது முதல் மாடியிலிருந்து விழுவதற்கும் ஏறக்குறைய நிகரானது.

வேக வரம்புப் பலகை நடுவது மட்டும் போதாது; அகன்ற நேர்சாலை வேகத்தைத் தானாகவே தூண்டும் என்பதால், வேகத்தடை, உயர்த்திய நடைபாதைக் கடவை, குறுக்கிய சந்திப்பு ஆகியவையும் உடன் வேண்டும்.

பயண நேரம் பெரிதும் கூடிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நகருக்குள் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது சிக்னல்களிலும் சந்திப்புகளிலும் காத்திருப்பதுதான், அவற்றுக்கு இடையிலான உச்ச வேகமன்று.