அப்பாவின் கார்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அப்பாவோடு சேர்ந்து பழைய காரை ரிப்பேர் செய்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பாவின் கார் ஆறு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. விற்றுவிடு என்கிறார்கள். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. அதை ஓடவைக்க நான் முயல்வதில் அர்த்தம் இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முயலுங்கள்.

என்னையும் யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை. டார்ச் பிடிப்பதுதான் என் வேலை. வெளிச்சம் அப்பாவின் விரல் நுனியில் விழ வேண்டும், கை அசைந்தால் “எங்கே பார்க்கிறாய்?” என்பார். அப்படிப் பிடித்தே, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கும் பாயின்ட்டைத் தெரிந்துகொண்டேன். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை பிரியும் நொடியில் காயில் என்ற மின்சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து, பிளக்கில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழுகிறது. எங்கள் காரில் அந்த இடைவெளி 0.4 மி.மீ. இருக்க வேண்டும். அது குறைந்துவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. அப்பா உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நடுவில் நுழைத்து, என் கையில் கொடுத்தார். “லேசாகப் பிடிக்கணும், ஆனால் இழுத்தால் வரணும்.” சொல்லிப் புரியாதது, ஒரு தடவை இழுத்ததும் புரிந்துவிட்டது.

கோடையில் ஏற்றத்தில் நின்றுபோகும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட, பம்ப் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். வீட்டில் அதிகம் பேசாத அப்பா அந்த அரைமணி நேரத்தில் பேசுவார். அவருடைய முதல் வேலை, பாதியில் விட்ட படிப்பு எல்லாம் சாலையோரத்தில் நான் கேட்டவை. துணி சீக்கிரம் காயக்கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். அவசரப்பட்டுச் சாவியைத் திருகாதீர்கள். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் கெட்டிருக்கும், திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் வடித்துவிடுங்கள். ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள், வெடிப்பில் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பிரேக் வேலையை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று டார்ச் பிடியுங்கள். அப்புறம் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறிய பிறகு என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

கழற்றிய பிளக்குகளை உடனே துடைத்துவிட வேண்டாம். வரிசை மாறாமல் வைத்து நுனியைப் பாருங்கள். வெளிர்பழுப்பாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிந்திருக்கின்றன. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போயிருக்கிறது. உங்கள் அப்பா கடைசியாக ஓட்டியபோது என்ஜின் எப்படி எரிந்தது என்பது அந்த நுனியில் அப்படியே இருக்கும். என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.