இத்தாலிய அரசியல் ஆய்வுக்குப் போகிறவர்களின் கேள்விகள்

கே: பிஎச்டி இத்தாலிய அரசியலில் செய்ய ஆசை. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்கிறார்கள். மொழி படிக்க வேண்டுமா?

ப: வேண்டும். ஃப்ளாரன்ஸ் பக்கத்தில், ஃபியசோலேயில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் ஆங்கிலத்திலேயே ஆய்வேடு எழுதலாம், உண்மைதான். ஆனால் நாடாளுமன்ற விவாதம், அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு, கட்சி விதிகள் எல்லாம் இத்தாலியனில்தான் இருக்கின்றன. பேச்சு தடுமாறினாலும் பரவாயில்லை, நாளிதழ்த் தலையங்கம் தடையில்லாமல் ஓட வேண்டும்.

கே: இத்தாலியை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை கிடைக்குமா?

ப: கஷ்டம். இத்தாலிக்கு வெளியே வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் 'ஒப்பீட்டு அரசியல்' என்றே இருக்கும். 1992 லஞ்ச வழக்குகளுக்குப் பின் பழைய கட்சிகள் சரிந்ததுதான் உங்கள் தலைப்பு என்றால், கிரீஸைப் பக்கத்தில் வையுங்கள். 2009-ல் சுமார் 44 சதவீதம் வாங்கிய பாசோக் கட்சி, 2012 மே தேர்தலில் 13-க்கு இறங்கியது. சரிந்தது ஒன்றேதான், காரணம் வேறு: ஒப்பீட்டுக்கு அதுதான் வேண்டும். அதுவும் தெற்கு ஐரோப்பாதானே என்று போர்ச்சுகலையும் சேர்த்தால், 'இது எதற்கு?' என்பதுதான் மதிப்பீட்டாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.

கே: 2018, 2022 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாக ஒப்பிட்டேன். பொருந்தவே இல்லை. எங்கே தப்பு?

ப: தப்பு உங்களுடையதல்ல. 2020 மக்கள் வாக்கெடுப்பில் இரு அவைகளின் இடங்கள் 945-லிருந்து 600 ஆகிவிட்டன. கீழவையில் ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் 232-லிருந்து 147 ஆகி, எல்லைகளும் மாறின. கொமூனே என்கிற உள்ளாட்சி மட்டத்துக்கு இறங்கி நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் எலிஜெண்டோ தளத்தில் கணக்கு கிடைக்கும். ரோம், மிலான் போன்ற பெருநகரங்கள் பல தொகுதிகளாகப் பிரிந்திருப்பதால் அங்கே வாக்குச்சாவடி வரை போக வேண்டும்.

கோப்புகளை இணைக்கும்போது புள்ளியியல் நிறுவனம் இஸ்டாட்டின் ஆறு இலக்க எண்ணைப் பயன்படுத்துங்கள். அந்தப் பத்தியை எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள். இல்லாவிட்டால் டூரின் மாகாணத்தின் 001-ல் தொடங்கும் எண்களில் எக்ஸெல் முன் பூஜ்ஜியங்களைத் தின்றுவிடும். இரு தேர்தலுக்கும் நடுவே ஒன்றாக இணைந்த கொமூனேக்களையும் பாருங்கள். பழையவற்றைக் கூட்டித்தான் புதியதோடு ஒப்பிட முடியும்.

இன்னொன்று. 2017 சட்டப்படி வாக்காளருக்கு ஒரு அவைக்கு ஒரே வாக்கு. வேட்பாளருக்கு மட்டும் குறி போட்டால் அது அவரை நிறுத்திய கூட்டணியின் கட்சிப் பட்டியல்களுக்கு விகிதப்படி பிரிக்கப்படும். வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என இரண்டு வாக்கு உள்ள ஜெர்மனியில் செய்வதுபோல 'வேட்பாளர் ஒருவர், கட்சி வேறு' என்று வாக்குப் பிளவைக் கணக்கிட இங்கே வழியில்லை. அப்படிக் கணக்கிட்ட கட்டுரை கையில் வந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

கே: ஃப்ளாரன்ஸில் பிஎச்டி முடித்த கையோடு இத்தாலியிலேயே இருக்கும் பொலோன்யாவுக்கு மரி கியூரி ஃபெலோஷிப் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுக்கான ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகை) போடலாமா?

ப: முடியாது. விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில், போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. வேறு நாட்டுக்குப் போடுங்கள். பட்டம் வாங்கி 8 ஆண்டு வரை அவகாசம் உண்டு, பிறகு இத்தாலிக்குத் திரும்பலாம்.