பாட்காஸ்ட்டுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி: பி.ஏ. தமிழ் மாணவர்களுக்குக் கட்டுரைக்குப் பதில் பேட்டியுடன் பாட்காஸ்ட் கொடுத்தேன். அரை மணி நேரம் இழுக்கிறார்கள்; காற்றிரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: 6 நிமிடம் போதும், குழுவுக்கு 3 பேர். எழுத்துப்படியை நீங்கள் திருத்தித் தந்த பிறகே ஒலிப்பதிவு என்று சொல்லிவிடுங்கள். எழுத்துப்படி இல்லாததால்தான் பேச்சு நீள்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் அறைந்துவிட்டால் எந்த மென்பொருளும் அதை முழுதாக நீக்காது. அதனால் பேட்டி வீட்டுக்குள்தான். மின்விசிறியை நிறுத்தி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கட்டும்; நேரே பிடித்தால் பகர ஒலி வெடிக்கும். கடைசியில் யாரும் பேசாமல் 10 விநாடி பதியச் சொல்லுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அதுதான் மாதிரி. மோனோ (ஒற்றை ஒலித்தடம்), 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 என்றால் கோப்பு சுமார் 3 எம்பிதான்.

25 மதிப்பெண்ணில் எழுத்துப்படிக்கும் ஆதாரங்களுக்கும் 15, பேச்சுக்கு 7, ஒலிக்கு 3. நல்ல போன் வைத்திருப்பவர் அதனாலேயே முந்திவிடக் கூடாது.

பேட்டி தருபவரின் சம்மதத்தை முதலில் ஒலியிலேயே பதிந்துகொள்ளுங்கள். பேட்டி தரும் பாட்டி மலையாளம் கலந்து பேசினால் தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த எல்லைத் தமிழ் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.