சிலிம் ரிவர் வாசகர் வட்டம்: போர் வரலாறும் உளவு நாவலும் – கேள்வி பதில்

தோட்டத்து நண்பர்களும் பட்டணத்து நண்பர்களும் அனுப்பிய கேள்விகள் வந்த வரிசையிலேயே. ஒரே கேள்வி பலமுறை வந்திருந்தால் ஒருமுறை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (படிவம் ஐந்து மாணவர்): சார், போர் வரலாறு படிக்க ஆசை. ஆனால் பத்துப் பக்கத்திலேயே பிரிகேட், பட்டாலியன் என்று தலை சுற்றுகிறது. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, முதலில் ஒரு துண்டுத் தாளில் படைப்பிரிவுகளின் இந்த அளவை எழுதி அடையாளச்சீட்டாக வைத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷன் 10 பேர், பிளட்டூன் 30 சொச்சம், கம்பெனி 100க்கு மேல், பட்டாலியன் 700–800, பிரிகேட் என்றால் மூன்று பட்டாலியன், டிவிஷன் என்றால் இரண்டு மூன்று பிரிகேட். இது நிஜப் போரில் அப்படியே இருக்காது. 1942 ஜனவரியில் மலாயாவில் ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்பு பட்டாலியன்களில் பாதி ஆள்கூட இல்லாதவை உண்டு. ஆகவே 'ஒரு பட்டாலியன் காவல் காத்தது' என்று படித்ததும் 'எத்தனை பேர் மிச்சம்?' என்று கேளுங்கள்.

அடுத்தது பதிப்பு ஆண்டு. அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை பிரிட்டன் உடைத்துப் படித்த செய்தி 1974-இல்தான் பரவலாக வெளியே தெரிந்தது. அதற்கு முன் எழுதிய இரண்டாம் உலகப்போர் நூல்களில் 'தளபதியின் கூரிய ஊகம்' என்று வருகிற சில இடங்களில் உண்மையில் வேலை செய்தது ஒட்டுக்கேட்ட செய்தி. எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. மலாயா அவசரகாலத்துக்கும் (1948-இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) இதே கணக்குதான். காலனி அரசு லண்டனுக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்திருந்த கோப்புகளில் மலாயா பற்றியவை 2012-இல்தான் பொதுப்பார்வைக்கு வரத் தொடங்கின.

மூன்றாவது, வரைபடம் இல்லாத அத்தியாயத்தைப் படிக்காதீர்கள். நூலில் இல்லையென்றால் நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (துரோலாக்கிலிருந்து ஒருவர்): அண்ணே, நம்ம சிலிம் ரிவர் சண்டையில் பிரிட்டிஷாரின் இரண்டு பிரிகேட் சில மணி நேரத்தில் சிதறியது எப்படி? டாங்கி என்ற ஒரே காரணமா?

பதில்: டாங்கி மட்டும் காரணமில்லை. 1942 ஜனவரி 7, விடியற்காலை சுமார் மூன்றரை மணி. துரோலாக் பக்கம் 12-ஆவது பிரிகேட், பின்னால் சிலிம் ரிவர் பக்கம் 28-ஆவது பிரிகேட். ஜப்பானியர் 30 டாங்கி அளவில் பெருஞ்சாலையிலேயே நேராக விட்டார்கள். இரவில், அதுவும் சாலை வழியே டாங்கி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கண்ணிவெடி போதாது. இருந்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் வேண்டிய இடத்தில் இல்லை. பிரிட்டிஷார் பக்கம் மலாயாவில் ஒரு டாங்கிகூடக் கிடையாது.

இதைவிடப் பெரிய ஓட்டை செய்தித்தொடர்பு. முன்னணி உடைந்த செய்தி பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் சில பட்டாலியன்கள் சாலையில் அணியாக நடந்துகொண்டிருந்தபோதே டாங்கிகள் அவர்கள் மேல் வந்து விழுந்தன. சிலிம் ஆற்றுப் பாலத்துக்கு வெடி வைத்திருந்தும் வெடிக்கவில்லை, ஜப்பானிய அதிகாரி ஒருவர் வாளால் கம்பியை அறுத்ததாகப் பதிவு. பாலத்தைத் தாண்டிப் போன முதல் டாங்கியை ஒரு 4.5 அங்குல ஹவிட்சர் பீரங்கிதான் நிறுத்தியது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் போய்விட்டது.

இன்னொன்று, பழைய சாலை வளைவுகள். போருக்கு முன் பெருஞ்சாலையை நேராக்கியபோது கைவிட்ட வளைவுகள் ரப்பர் காட்டுக்குள் அப்படியே கிடந்தன. தடையில் முட்டிக்கொண்ட டாங்கிகள் அந்த வளைவுக்குள் இறங்கி, தடைக்குப் பின்னால் ஏறிவிட்டன.

கேள்வி (அதே ஊர், இன்னொருவர்): அந்த வளைவைக் காட்டிக் கொடுத்ததே ஒரு தோட்டத்து ஆள்தான் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

பதில்: ஐயா, தாத்தா சொன்னதை மதிக்கிறேன். இந்தக் குற்றச்சாட்டை மட்டும் ஆதாரமில்லாமல் விடமாட்டேன். வளைவு பெருஞ்சாலையில் பிரிந்து பெருஞ்சாலையிலேயே சேர்கிறது. தடைக்கு முன் நிற்கிறவனுக்கு அதன் வாய் கண்ணுக்கெதிரே இருக்கிறது. வழிகாட்டி எதற்கு? தோற்ற படை 'உள்ளூரான் காட்டிக் கொடுத்தான்' என்று சொல்வது எல்லாப் போரிலும் உண்டு. அந்தப் பழி பால்மரம் வெட்டியவர்கள் தலையில் இறங்கக் கூடாது.

கேள்வி (தஞ்சோங் மாலிம் ஆசிரியை): அப்படியானால் ஜப்பானுக்கு ஒற்றர்களே இல்லையா சார்?

பதில்: நிறையவே இருந்தார்கள், டீச்சர். யார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். வடக்கே விமானப்படைத் தொடர்பு வேலையில் இருந்த கேப்டன் பாட்ரிக் ஹீனன் உளவுக் குற்றச்சாட்டில் 1941 டிசம்பரில் கைதானார். அவர் இந்தியப் படையின் அதிகாரி. மேஜர் ஃபுஜிவாராவின் 'எஃப் கிக்கான்' குழு இந்தியச் சிப்பாய்களைத் தன் பக்கம் திருப்புவதற்கென்றே வந்தது. கேப்டன் மோகன் சிங் வழியாக முதல் இந்தியத் தேசிய ராணுவம் உருவானது அப்படித்தான். பெரிய உளவு அதிகாரத்தின் பக்கத்தில்தான் நடக்கும். லாய் டெக்கைப் பாருங்கள். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளரே பிரிட்டிஷாருக்கும் பிறகு ஜப்பானியருக்கும் ஆள். 1942 செப்டம்பர் 1-இல் பத்து மலைக்கு அருகே கட்சித் தலைவர்கள் கூடிய இடம் சுற்றிவளைக்கப்பட்டதற்கு அவரே காரணம். 1947-இல் கட்சிப் பணத்தோடு ஓடினார், பாங்காக்கில் கொல்லப்பட்டார். இவரைப் பற்றி எந்த நூலில் படித்தாலும் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி (மூவர்): சிங்கப்பூர் பீரங்கிகள் கடலை நோக்கியே இருந்ததால்தான் தோல்வியா?

பதில்: இல்லை. பெரும்பாலானவை நிலத்தின் பக்கமும் திரும்பின. கப்பலைத் துளைக்கும் குண்டே அதிகம் இருந்தது, காலாட்படையை அடிக்கும் வெடிகுண்டு குறைவு. இதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: நாவல்களில் ஒற்றர்கள் எண்களாலேயே செய்தி அனுப்புகிறார்களே, அதை உடைக்கவே முடியாதா?

பதில்: ஒரே முறை பயன்படுத்தும் சாவித்தாள் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வைத்திருக்கும் எண்பட்டியல்) என்றால் முடியாது. செய்து பாருங்கள். செய்தி எண் 4719, சாவி 8536. இலக்கம் இலக்கமாகக் கூட்டுங்கள், மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்: 4+8 பன்னிரண்டு, 2 மட்டும். 7+5-க்கும் 2. 1+3-க்கு 4. 9+6-க்கு 5. அனுப்புவது 2245. பெறுபவர் அதே சாவியைக் கழிப்பார், போதாத இடத்தில் பத்துச் சேர்த்துக்கொள்வார்.

சாவி முழுக்கத் தற்செயலாக இருக்க வேண்டும், செய்தியளவு நீளம் வேண்டும், ஒருமுறை பயன்படுத்தியதும் எரித்துவிட வேண்டும். சோவியத் ஆட்கள் 1942 வாக்கில் போர் அவசரத்தில் சாவித்தாள்களை இரட்டையாக அச்சிட்டார்கள். ஒரே சாவியில் இரண்டு செய்தி கிடைத்ததும் அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் 'வெனோனா'. 1995-இல்தான் அதை வெளியே சொன்னார்கள். அந்த ஆண்டுக்கு முன் எழுதிய உளவு வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று மறுபடி சொல்ல மாட்டேன்.

கேள்வி: சைலன்சர் போட்டால் சத்தமே வராதா?

பதில்: வரும். குறையும், அவ்வளவுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் அதன் வெடிப்பொலி தனியாகக் கேட்கும்.

கேள்வி (லயத்து வீட்டில் 200 நூல் வைத்திருப்பவர்): பூஞ்சை பிடிக்கிறது அண்ணே.

பதில்: ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். காற்றோட்டமான நிழலில் காயவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். நேர்வெயில் வேண்டாம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். காற்றின் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை திரும்பவும் வரும். சிலிகா ஜெல் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த அலமாரியில் வீண். புழு என்றால் காற்றுப் புகாத பையில் கட்டி -18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம்.

கேள்வி: பழைய நூலுக்கு என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வது என் வேலையில்லை. பழைய புத்தகக் கடையில் கேளுங்கள்.

கேள்வி (பீடோர்): 1943-இல் பேராக் காட்டில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். கதாநாயகன் கையில் ஏகே-47 கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அது 1947-இல் உருவான துப்பாக்கி. 1943-இல் ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களிடம் பெரும்பாலும் பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது விட்டுப்போனவை இருந்தன: லீ-என்ஃபீல்டு ரைஃபிள், தாம்சன் துப்பாக்கி. அந்த மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் நீர்மூழ்கியில் வந்து பேராக் கரையில் இறங்கியபோதுகூட ஒரு கைப்பிடி ஆட்கள்தான். பிரிட்டிஷ் ரகசியப் படைப்பிரிவான ஃபோர்ஸ் 136 விமானத்திலிருந்து ஆயுதத்தைக் குவியலாகப் போட்டது 1945-இல். ஸ்டென் துப்பாக்கியைத் தாராளமாகக் கொடுக்க வேண்டுமென்றால் கதையை அந்த ஆண்டுக்கு நகர்த்துங்கள். தோட்டா எண்ணிக்கையையும் குறையுங்கள். காட்டில் அதுதான் எப்போதும் பற்றாக்குறை.