அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மதப் பிரிவைச் சேர்ந்த மார்மன்கள், மேற்கே இருக்கும் யூட்டாவுக்குக் கைவண்டி இழுத்துக்கொண்டே நடந்து போனார்களாமே, உண்மையா? மாடு பூட்டிப் போயிருக்கலாமே?

உண்மைதான், ஆனால் எல்லோரும் அப்படிப் போகவில்லை. 1847இல் தொடங்கி 1869இல் ரயில் வரும்வரை ஏறக்குறைய 70,000 பேர் மேற்கே போனார்கள், அதில் பெரும்பாலோர் மாடு பூட்டிய கூண்டு வண்டிகளோடு போனவர்கள். கையால் வண்டி இழுத்தவர்கள் 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களாகப் போன சுமார் 3,000 பேர்.

ஏன் போனார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். மிசௌரியிலிருந்து துரத்தப்பட்டு இலினாய் மாநிலத்தில் நாவூ என்ற ஊரைக் கட்டினார்கள், அங்கேயும் பகை மூண்டது, 1844இல் அவர்களுடைய தலைவர் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரியில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்க ஆரம்பித்தவர்கள், அடுத்த வருடம் ஜூலையில் பிரிகம் யங் தலைமையில் இன்றைய யூட்டாவில் உள்ள உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அப்போது அது மெக்சிகோவின் கணக்கில் இருந்த நிலம். யாருமில்லாத இடம் என்று சிலர் எழுதுவது தவறு, யூட், ஷோஷோனி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த மண் அது.

சரி, மாடு ஏன் இல்லை? பணம் இல்லை, அவ்வளவுதான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க் என்று பல இடங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் ஏழைகள். அவர்களுக்குப் பயணச் செலவைக் கடனாகக் கொடுக்க 1849இல் ஒரு நிதி தொடங்கினார்கள். 1855இல் யூட்டாவில் வெட்டுக்கிளி விழுந்து விளைச்சல் அழிய, அந்த நிதியும் வற்றிவிட்டது. அதனால் அயோவா சிட்டி வரை ரயில், அதற்கப்புறம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் நடை என்று முடிவானது. வண்டிக்கு ஐந்து பேர், பெரியவர்களுக்குத் தலைக்கு 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான சாமான். உடுப்பு, போர்வை, சமையல் பாத்திரம் எல்லாம் அதற்குள்ளேதான்.

இவர்கள் போன வழியில், வயோமிங்கில் மார்ட்டின்ஸ் கோவ் என்ற இடத்தில் இன்றைக்கும் வருகிறவர்கள் கைவண்டி இழுத்துப் பார்க்கலாம். இரண்டு வருடம் முன்னால் கோடையில் குடும்பத்தோடு போனபோது நானும் என் மனைவியும் இழுத்தோம். கெட்டித் தரையில் லேசாக வந்த வண்டி மணலில் சக்கரம் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டது, குறுக்குக் கட்டை வயிற்றில் அழுந்தியது, கால் வழுக்கியது. நாங்கள் இழுத்தது நன்றாகச் செய்த வண்டி. 1856இல் கடைசியாகக் கிளம்பியவர்களுக்குக் கிடைத்தவை அவசரத்தில் பச்சை மரத்தில் அடித்தவை. வறண்ட காற்றில் மரம் சுருங்கிச் சக்கரம் ஆட்டம் கண்டது, மரத்தோடு மரம் உரசி அச்சு தேய்ந்தது, மசகு இல்லாமல் சாப்பிட வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் எடுத்துப் பூசினார்கள்.

அந்த வருடம் முதல் மூன்று குழுக்கள் அக்டோபர் தொடக்கத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அதனால் கைவண்டி என்ற யோசனையே பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு குழுக்களில் பலரைக் கொன்றது தாமதம். லிவர்பூலிலிருந்து கப்பல்களே மே மாதத்தில்தான் புறப்பட்டன, வந்து பார்த்தால் வண்டிகள் தயாராக இல்லை. ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் ஃபிளாரன்ஸில், அந்த இரண்டில் முன்னால் போன வில்லி குழுவினர் கூடி, போகலாமா, குளிர்காலம் முடியும்வரை இங்கேயே தங்கலாமா என்று பேசினார்கள். வேண்டாம், வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் காலத்தில் மலையேறினால் செத்துப்போவார்கள் என்று அழுதுகொண்டே சொன்னவர் லீவை சாவேஜ். பர்மாவில் மதப்பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர், முன்பே மேற்கே போய் அந்த நிலத்தைப் பார்த்தவர். அவர் பேச்சு எடுபடவில்லை. நான் சொன்னது உண்மை, ஆனாலும் நீங்கள் போவதாக இருந்தால் நானும் வருகிறேன், உங்களோடு கஷ்டப்படுகிறேன், தேவைப்பட்டால் உங்களோடு சாகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடவே நடந்தார். இந்த வரலாற்றில் என் மனதை விட்டு நீங்காத ஆள் அவர்தான்.

பின்னால் வந்த மார்ட்டின் குழு அக்டோபர் 17 அன்று, இழுக்கத் தெம்பில்லாமல், சாமானைத் தலைக்குப் பத்துப் பவுண்டாகக் குறைத்தது. கூடுதல் போர்வைகளையும் துணிகளையும் குவித்துக் கொளுத்தினார்கள். இரண்டே நாளில், வட பிளாட் ஆற்றை இடுப்பளவு குளிர்நீரில் கடந்த அன்றே, பனிப்புயல் பிடித்தது. 23ஆம் தேதி வில்லி குழு ராக்கி ரிட்ஜ் ஏற்றத்தை ஏறியது, கடைசி ஆட்கள் முகாமுக்கு வந்து சேரும்போது விடியற்காலை. மறுநாள் 13 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். இரண்டு குழுக்களிலுமாக 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இவர்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள் என்ற செய்தி பிரிகம் யங்குக்கு அக்டோபர் 4ஆம் தேதிதான் கிடைத்தது. 7ஆம் தேதியே மாவும் உடுப்பும் ஏற்றிக்கொண்டு முதல் மீட்பு வண்டிகள் கிளம்பின. அந்த வேகம் இல்லையென்றால் மிச்சமானவர்களும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஆனால் அவ்வளவு தாமதமாக அவர்களை அனுப்பிய ஏற்பாட்டின் பொறுப்பு தலைமையைச் சேராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ட்டின் குழு உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில் இருந்த கூட்டத்திடம் பிரிகம் யங், மதியக் கூட்டம் கிடையாது, வீட்டுக்குப் போய் வருகிறவர்களைக் கவனியுங்கள், சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் வேண்டிய நேரத்தில் ஜெபம் அதற்கு ஈடாகாது என்றார். பெண்கள் எழுந்து போய் அடுப்பு மூட்டினார்கள். விரலும் காலும் பனியில் கருகிப்போனவர்களை வீட்டுக்கு வீடு பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.